விளையாட்டுச் சுட்டியின் வடிவமைப்பும் கட்டுமானத் தரமும்

கணினி விளையாட்டுகளுக்கென உருவாக்கப்படும் சுட்டி, விளையாட்டுச் சுட்டி அல்லது கேமிங் மவுஸ் எனப்படுகிறது. 1999-ஆம் ஆண்டு வெளிவந்த ரேசர் பூம்ஸ்லாங் இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. இன்று சுட்டிகளின் பெட்டிகளில் டிபிஐ எண்ணும் வண்ண விளக்குகளுமே பெரிதாகக் காட்டப்படுகின்றன. ஆனால் ஒரு சுட்டி கைக்கு ஏற்றதா, எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பவற்றை அதன் வடிவமும் தேயும் பாகங்களின் தரமுமே தீர்மானிக்கின்றன.

வடிவமும் பிடியும்

சுட்டியைப் பிடிக்கும் முறைகள் மூன்று. உள்ளங்கை முழுவதும் படிவது உள்ளங்கைப் பிடி. விரல்கள் வளைந்து நிற்பது நகப் பிடி. விரல்நுனிகள் மட்டும் தொடுவது விரல்நுனிப் பிடி. முதலாவதற்கு முதுகு உயர்ந்த பெரிய சுட்டியும், கடைசிக்குச் சிறிய, எடை குறைந்த சுட்டியும் பொருந்தும். இருபுறமும் ஒத்த வடிவம் இடக்கைப் பழக்கமுள்ளோருக்கும் ஏற்றதாகத் தோன்றும். ஆயினும் பக்கப் பொத்தான்கள் இடப்புறம் மட்டும் இருந்தால் அவர்களின் பெருவிரலுக்கு அவை எட்டா.

எடையும் ஓடும்

கனமாக இருப்பது தரத்தின் அடையாளம் அன்று. 2020-இல் வெளியான லாஜிடெக் ஜி புரோ எக்ஸ் சூப்பர்லைட், ஓட்டில் துளைகள் இல்லாமலேயே 63 கிராமுக்கும் குறைந்த எடை கொண்டது. ஓட்டின் உறுதியை அறிய, சுட்டியை இருபுறமும் அழுத்திப் பார்க்கலாம். கீச்சொலி எழுந்தாலோ, பக்கப் பொத்தான் தானாக அழுந்தினாலோ ஓடு வலுவற்றது. மெல்லக் குலுக்கும்போது கடகடவென்று ஒலித்தால் உள்ளே ஏதோ ஒரு பாகம் தளர்வாக உள்ளது. ரப்பர் பூச்சு தொடக்கத்தில் நல்ல பிடிமானம் தரும். வியர்வையும் ஈரப்பதமும் பட்டுச் சில ஆண்டுகளில் பிசுபிசுக்கக்கூடும்.

பொத்தான்கள்

முதன்மைப் பொத்தான்களின் அடியில் மைக்ரோ சுவிட்ச் உள்ளது. அதிலுள்ள மெல்லிய உலோகத் தகடு தளர்ந்தாலோ, தொடுமுனை தேய்ந்தாலோ ஒரு சொடுக்கு இரண்டாகப் பதிவாகும். 2 கோடிச் சொடுக்குகள் என மதிப்பிடப்பட்ட சுவிட்சை நாளொன்றுக்கு 10,000 முறை அழுத்தினால், கணக்குப்படி 2,000 நாட்கள், அதாவது ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள் வரும். இம்மதிப்பு ஆய்வகச் சூழலுக்கு உரியது. நடைமுறையில் பழுது முன்னதாகவும் வரலாம். 2019-இல் வந்த ரேசர் வைப்பரில் அகச்சிவப்புக் கதிரால் சொடுக்கை அறியும் ஒளியியல் சுவிட்சுகள் உள்ளன. சொடுக்கைப் பதிவுசெய்ய உலோகத் தொடுமுனையைச் சார்ந்திராததால் இவற்றில் இக்குறை எழுவதில்லை.

உருளை, பாதம், வடம்

உருளையின் சுழற்சியை அளக்கும் பாகம் தேய்ந்தாலோ தூசி படிந்தாலோ, கீழே உருட்டும்போது பக்கம் மேலே தாவும். அடியில் ஒட்டப்படும் வழுக்குப் பாதங்கள் பெரும்பாலும் பிடிஎஃப்இ என்னும் பொருளால் ஆனவை. அவற்றின் விளிம்பு கூர்மையாக இருந்தால் விரிப்பில் உரசும். கம்பிவடம், சுட்டிக்குள் நுழையும் இடத்தில்தான் பெரும்பாலும் அறுகிறது. அங்கு வளைவைத் தாங்கும் உறை இருப்பது நல்லது.

பழுதுபார்க்கும் வசதி

பல சுட்டிகளில் திருகுகள் பாதங்களுக்கு அடியில் மறைந்திருக்கும். திறக்கும்போது பாதங்கள் சேதமடையலாம் என்பதால் மாற்றுப் பாதங்கள் கிடைக்குமா என அறிய வேண்டும். கம்பியற்ற சுட்டிகளில் மின்கலத்தை மாற்ற இயலுமா என்பதும் முக்கியம். இவ்வசதிகள் இருந்தால், ஒரு சிறு சுவிட்ச் பழுதானதற்காக முழுச் சுட்டியையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. செலவும் குறையும், மின்னணுக் கழிவும் குறையும்.