கடல் கடந்து வந்த வாத்தியக்காரர்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் நமக்குக் கப்பலின் ஊதொலி புதிதன்று. கப்பல்கள் சரக்கை மாத்திரம் கொணர்வன என்று நாம் எண்ணுகிறோம். சங்கீதமும் துறைமுகங்களின் வழியே தேசாந்தரம் செல்வதுண்டு. டெடி வெதர்ஃபோர்டு என்னும் ஜாஸ் வித்துவானின் சரித்திரம் இதற்குச் சான்றாகும்.

ஜாஸ் என்பது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் துறைமுக நகரில் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. டிரம் தாளத்தைத் தாங்கி நிற்க, வாசிப்போர் ஒரு மெட்டைத் தம் மனோதர்மத்தால் விரித்துச் செல்வர். நிரவலும் தனி ஆவர்த்தனமும் கேட்டுப் பழகிய நமக்கு இம்முறை எளிதில் விளங்கும்.

வெதர்ஃபோர்டு 1903-ஆம் ஆண்டில் விர்ஜீனியா மாகாணத்தில் பிறந்தார். இளமையில் நியூ ஆர்லியன்ஸில் பியானோ பயின்றார். சிகாகோவில் எர்ஸ்கின் டேட் கோஷ்டியில் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்குடன் வாசித்தார். 1926-இல் ஜாக் கார்ட்டர் என்னும் டிரம் வித்துவானின் கோஷ்டியோடு ஆசியாவுக்குக் கப்பலேறினார். பின்னர்த் தாமே கோஷ்டித் தலைவரானார். 1934-இல் பக் கிளேட்டன் கோஷ்டியை ஷாங்காய் நகருக்கு வரவழைத்தவரும் இவரே. பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் வாசித்தபின், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தா கிராண்டு ஹோட்டலில் நிலைகொண்டார்.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, தமிழர் உட்படப் பல்லாயிரவர் அந்நாட்டை விட்டு இந்தியாவை நோக்கி நடந்தனர். பிற்காலத்தில் பர்மாவினின்று வந்தோர் குடியேறிய பர்மா நகர் நம் எண்ணூரிலேயே உளது. ஆகலின் அத்துயரம் நமக்கு அந்நியமன்று. பர்மாவிலிருந்து வந்த கிளாரினெட் வித்துவான் ரூபன் சாலமனும், கிதார் வித்துவான் செட்ரிக் வெஸ்டும் வெதர்ஃபோர்டின் கோஷ்டியில் இடம்பெற்றனர். அவர் பிறந்த விர்ஜீனியாவிலோ, பள்ளியிலும் இரயிலிலும் நிறத்தால் மக்களைப் பிரிக்கும் சட்டங்கள் அக்காலத்தில் நடைமுறையில் இருந்தன. அங்குப் பிரித்து வைக்கப்பட்டவர், இங்குப் பல நாட்டாரை ஒரே தாளத்தில் இணைத்தார்!

இவ்வின்னிசை நெடுநாள் நீடிக்கவில்லை. 1945-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி, தமது நாற்பத்தோராம் வயதில், கல்கத்தாவில் வாந்திபேதியால் அவர் காலமானார். அசுத்த நீரால் பரவும் அக்கொடிய நோய், ஹோட்டலின் மாடமாளிகையையும் ஏழையின் குடிசையையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. அவருடைய இசைத்தட்டுகளே எஞ்சின.

துறைமுகத்தின் அருகில் வாழ்வோர் இதனின்று ஒன்று கற்கலாம். கரையேறி வருபவனை எவ்வூரான், எந்நிறத்தான் என்று வினவுமுன், அவன் கொணர்ந்த வித்தை யாது என்று கேட்போமாக.