துவைத்தலும் ஒலித்தலும்

சிவமயம்

ஆடையின் அழுக்கை நீக்குந் தொழிலைத் தமிழ்மக்கள் வெளுத்தல் என்றும், தோய்த்தல் என்றும், துவைத்தல் என்றும் வழங்குவர். இவை ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும், நுணுகி நோக்குவார்க்கு ஒவ்வொன்றும் அத்தொழிலின் ஒவ்வொரு கூற்றை உணர்த்துதல் விளங்கும். வெளுத்தல், வெண்மை என்னும் பண்படியாகப் பிறந்து தொழிலின் பயனைக் குறிக்கும். தோய்த்தல், நீர் முதலியவற்றில் அமிழ்த்துதலைக் குறிக்கும். நற்றிணை 90-ஆம் பாட்டில் இச்சொல் ஆடையைக் கஞ்சியில் இடுதற்கு வந்தது; யாழ்ப்பாணத்தார் அழுக்ககற்றுதற்குப் பொதுச்சொல்லாக இதனை இன்றும் ஆள்வர். துவைத்தலோ இடைநின்ற செயலைக் குறிப்பது.

துவைத்தற்குப் பழைய இலக்கணம் கூறும் பொருள் யாதெனின், ஓசை என்க. தொல்காப்பியனார் உரியியலில் சிலைத்தல், இயம்பல், இரங்கல் என்பவற்றோடு இதனையுஞ் சேர்த்து, இசைப்பொருள் உணர்த்துஞ் சொல்லென ஓதினார். அற்றேல், ஓசை குறித்த சொல் அழுக்ககற்றுதலை எவ்வாறு குறித்தது எனின், கூறுதும். ஆடையைக் கல்லின்மேல் ஓங்கி அறைதலும், அவ்வறைதலான் எழும் ஓசை துறையெங்குங் கேட்டலும் யாவரும் அறிந்தனவே. செயலும் அதனாற் பிறக்கும் ஓசையும் ஒருசொல்லாற் கூறப்படுதல் உலகியல்பு.

இதற்குத் தக்க சான்று ஒலித்தல் என்னுஞ் சொல்லாம். கலித்தொகை 72-ஆம் பாட்டில், ஊரார் ஆடையைத் துறைக்குக் கொண்டுசென்று வெளுப்பாளொருத்தியின் தொழில் ஒலித்தல் என்னும் வினையாற் கூறப்பட்டது. ஓசைப்பொருளவாகிய இருசொற்களும் ஒரே தொழிலைக் குறிக்க வந்தமையின், இது தற்செயலன்று. கல்லறையும் ஓசையே இரண்டற்குங் காரணமென்பது பெறப்படும்.

இவ்வுண்மை உணராதார், திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்திற் சேக்கிழார் பெருமான் ஆண்ட ஒலித்தல் என்னும் வினையை, சொல்லின்பம் நோக்கி வலிந்து புணர்த்தியதெனக் கருதுதல் கூடும். ஆண்டு ஒரு திருப்பாட்டினுள்ளே தேர், குதிரை, திசை, திருமுடியின்கண் உள்ள நீர், இறைவன் திருப்பெயர் என்பன ஒலித்தலை அடுக்கிக் கூறி, அவ்வினையானே காஞ்சிநகரத்து நாயனார் ஆடை வெளுத்தலையுங் கூறினார். அது பன்னூறாண்டு பழமையுடைய வழக்கேயன்றி வலிந்து கொண்டதன்று. திருப்பெயர் ஒலிக்கக் கேட்டு உருகும் அடியார்க்கு நாயனார் ஆடை ஒலித்தார் என்றமையால், நாவின்கண் எழும் ஒலியும் கல்லின்கண் எழும் ஒலியும் மாசு நீக்கமாகிய ஒருபயனே உடையன என்பது குறிப்பு. அடியார் ஆடையின் மாசு கழிப்பவர்போல், மும்மலத்தொடு கூடிவரும் பிறவிமாசினைக் கழித்தார் என அவரே பின்னர் வெளிப்படையாக உரைத்தலுங் காண்க.

இனி, இத்தொழில் நம் சாத்திரத்தும் உவமையாய் நின்றது. உடலுங் கரணமும் மாயையின் காரியமாகலின் மலமேயாம். மலத்தை மலத்தாற் கழுவுதல் யாங்ஙனம் என்னும் வினாவை எழுப்பி, அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரத்தில் விடைகூறினார். ஆடை வெளுப்போர் சாணியையும் உவரையும் ஏற்றியே அழுக்கு முழுதையும் போக்குவர். அதுபோல முதல்வன் மாயையைக் கொண்டு ஆணவத்தை ஒழிப்பன் என்பது அவ்விடை. களர்நிலத்துக் கூவலில் ஆடை கழுவப்பட்டமையைப் புறநானூறு 311-ஆம் பாட்டுங் கூறுதலின், உவரின் பயனை முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பது தெளிவு.

ஆயினும் உவமையை எல்லையறிந்து கொள்ளல் வேண்டும். ஆடையின் அழுக்கு இடையில் வந்தது. ஆணவமோ செம்பிற் களிம்பும் நெல்லின் உமியும் போல அநாதியே உயிரைப் பற்றியது. ஆகலின், உயிர் முன்னொருகால் தூயதாய் இருந்து பின் மாசுற்றது எனக் கொள்ளின், அது சித்தாந்தத்தோடு மாறுகொள்ளும். உவமை நீக்குமுறை ஒன்றற்கே ஆயிற்று.

அவ்வளவிற் கொள்ளினும் அது தரும் பயன் பெரிது. உவரை அழுக்கென்று வெறுத்து ஏற்றாதுவிடின் ஆடை வெளுக்குமாறில்லை. ஏற்றிய உவரை அலசாதுவிடினும் ஆடை தூயதாகாது. அங்ஙனமே உடம்பை இழித்துக் கைவிடுதலும், அதுவே பொருளெனப் பற்றுதலும் ஆகிய இரண்டும் பிழையாம். அதனைத் தொண்டிற் பயன்படுத்தித் திருவருள் நீரால் அதன் பற்றுங் கழலப்பெறுதலே நெறி. காஞ்சிநகரத்துத் துறையிலே, கைத்தொழிலையே சிவத்தொண்டாக்கிய நாயனார் நமக்குக் காட்டியதும் அந்நெறியே.

திருச்சிற்றம்பலம்