இடத்துக்கு ஒரு கடிதம், பணத்துக்கு ஒரு கடிதம்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்து நீட் தேர்வில் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த முதல் கலந்தாய்வில் எம்.பி.பி.எஸ். படிப்பில் 313, பல் மருத்துவத்தில் 92 என 405 இடங்கள் அவர்களுக்கென்று இருந்தன. ஆனால் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களில் சிலர், கட்டணத்தைக் கேட்டதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார்கள். நீட்டைத் தாண்டி, தரவரிசையைத் தாண்டி, கலந்தாய்வு மேசை வரைக்கும் வந்த பிள்ளைகள் பணத்தின் முன்னால் நின்றுவிட்டார்கள். சில நாட்களுக்குள் அவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்ற அறிவிப்பு வந்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அந்த இடங்கள் உண்மையிலேயே அந்த மாணவர்களுடையவை ஆயின. இடத்தைத் தனியாகவும் பணத்தைத் தனியாகவும் கொடுத்தால் என்ன ஆகும், சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்த மாநிலம் இது. அந்தப் பாடம் இளநிலைப் படிப்போடு நின்றுபோனதுதான் என் கவலை. அதற்கு மேலே, மருத்துவ ஆராய்ச்சிக்கு வருகிற மாணவர் இன்றும் இடத்துக்கு ஒரு வரிசையிலும் பணத்துக்கு வேறொரு வரிசையிலும் நிற்கிறார்.

மருத்துவ ஆராய்ச்சி என்றால் டாக்டர்கள் மட்டும் செய்வது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. காசநோய்க் கிருமி எப்படி மருந்துக்கு மசியாமல் போகிறது, கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் எப்படிப் பெருகுகிறது என்று நாள் முழுக்க ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களில் பலர் எம்.எஸ்சி. உயிர்வேதியியலோ நுண்ணுயிரியலோ படித்தவர்கள். அவர்களுக்கு வாழ்வாதாரம் ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. அதை அடைய நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு எழுதலாம். பயோடெக்னாலஜி துறைக்காக நடக்கும் பெட் தேர்வு எழுதலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது ஐ.சி.எம்.ஆர்., தனியாக ஒரு தேர்வு வைத்துப் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு 150 பேரைத் தேர்ந்தெடுத்து வந்தது: உயிர்மருத்துவத்தில் 120, சமூக அறிவியலில் 30. இவ்வளவு பெரிய நாட்டுக்கு 150 என்பது கைப்பிடியளவுதான். உதவித்தொகை 2019 முதல் மாதம் 31,000 ரூபாயாக இருந்து, 2023 ஜனவரி 1 முதல் 37,000 ஆனது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு சீனியர் நிலைக்கு உயர்ந்தால் 42,000; வீட்டு வாடகைப் படி தனி. விலைவாசி ஏறுகிற வேகத்துக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை உயர்த்துவது போதாது என்று மாணவர்கள் சொல்வது நியாயம். இருந்தாலும் இந்தத் தொகை ஒருவர் சிக்கனமாக வாழ்ந்து படிக்கப் போதுமானது. பெரிய சிக்கல் தொகையில் இல்லை. அது எப்போது கைக்கு வருகிறது, யார் கைக்கு வராமலே போகிறது என்பதில் இருக்கிறது.

ஜே.ஆர்.எஃப். தேறியவருக்குக் கிடைப்பது ஒரு தகுதிக் கடிதம். அதைக் கொண்டுபோய் எந்த வங்கியிலும் பணமாக்க முடியாது. முதலில் ஒரு கைடு வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி ஒரு பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வழிகாட்டக் கூடாது. தனக்குப் பிடித்த துறையில் காலி இடமுள்ள கைடைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. பிடித்த பின் பல்கலைக்கழகத்தின் நேர்காணல், பதிவு, கட்டணம். பிறகு சேர்ந்ததற்கான அறிக்கை நிறுவனத்தின் வழியாக உதவித்தொகை தரும் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து முதல் மாதப் பணம் திரும்பி வரும்வரை விடுதிக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் காத்திருப்பதில்லை. இன்னொரு பக்கம், பி.எச்டி.க்கு இடம் கிடைத்தும் ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்கள். 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணையே பி.எச்டி. சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம் என்று மானியக் குழு அறிவித்தது. தேறியவர்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் வகைக்குத்தான் உதவித்தொகை. மற்ற இரண்டு வகையினர் சேர்க்கைக்குத் தகுதி பெறுவார்கள், பணத்துக்கு இல்லை. ஆக, தேர்வை ஒன்றாக்கினார்கள். கதவுகள் இரண்டாகவே இருக்கின்றன. அந்த முதல் ஆண்டே ஜூன் 18 அன்று நடந்த நெட் மறுநாளே ரத்தானது. மருத்துவ, உயிரியல் மாணவர்கள் எழுதும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வும் தள்ளிவைக்கப்பட்டு ஜூலை கடைசியில்தான் நடந்தது. சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் ஒரே தேர்வை நம்பியிருந்தவர்களுக்கு இரண்டு கதவும் சேர்ந்தே சாத்தப்பட்டன.

கிடைத்த உதவித்தொகையும் மாதாமாதம் வரும் என்று சொல்ல முடியாது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பையர் உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை என்று 2024, 2025-இல் நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் புகார் செய்தார்கள். வெளிநாட்டில் முதுநிலைப் படிப்புக்கும் பி.எச்டி.க்கும் செல்லும் பட்டியல் இன மாணவர்களுக்கு உதவுகிற தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு 2025-இல் 106 பேர் தேர்வானார்கள். முதலில் தற்காலிக ஒப்புதல் கடிதம் பெற்றவர்கள் 40 பேர் மட்டுமே. மற்ற 66 பேருக்கும் நிதி இருந்தால் தரப்படும் என்று சொல்லப்பட்டது. கடல் தாண்டிப் போகிற பிள்ளைக்கு அங்கே இடம் காத்திருக்கிறது, இங்கே பணம் உண்டா இல்லையா என்று தெரியவில்லை. சேர்க்கைக்குப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் கெடுவை அமைச்சகத்தின் வரவுசெலவுக் கணக்கு மதிப்பதில்லை.

இந்த இடைவெளி எல்லாரையும் ஒரேபோல் தாக்காது. ஆறு மாதம் பணம் வராவிட்டாலும் வீட்டிலிருந்து அனுப்ப ஆளிருக்கும் மாணவருக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அதே ஆறு மாதம்தான் வாழ்க்கையின் திருப்புமுனை. அந்த மாதங்களில்தான் கிடைத்த வேலையில் சேரச் சொல்லி வீட்டில் பேச்சு எழும். வரன் பார்க்கத் தொடங்குவார்கள். அறிவிலோ உழைப்பிலோ குறையில்லாத ஒருத்தி வழியிலேயே விலகிவிடுகிறாள், அவள் விலகியதை எந்தப் பதிவேடும் எழுதிவைப்பதில்லை. கடைசி ஆண்டிலும் இதே ஓட்டை இருக்கிறது. உதவித்தொகை ஐந்து ஆண்டுக்கு, விதிப்படி பி.எச்டி.க்கு ஆறு ஆண்டு வரை ஆகலாம். மனிதர்களைச் சேர்த்துச் செய்யும் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது. மருந்துச் சோதனை என்றால் பதிவேட்டிலும் பதிய வேண்டும். அப்படித்தான் இருக்க வேண்டும், நோயாளியின் பாதுகாப்பில் சலுகை கூடாது. ஆனால் உதவித்தொகையின் கடிகாரம் அந்தக் காத்திருப்புக்காக நிற்காமல் ஓடுகிறது. ஆய்வேட்டை எழுதி முடிக்கிற ஆண்டில், மிகக் கவனமாக உட்கார வேண்டிய ஆண்டில், பணம் நின்றுவிடுகிறது.

இதற்கு மாற்று எங்கோ கனவில் இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.எச்டி.க்குச் சேர்கிறவர் ஜே.ஆர்.எஃப். வாங்கியிருக்காவிட்டாலும் நிறுவனமே கல்வி அமைச்சகத்தின் நிதியிலிருந்து உதவித்தொகை தருகிறது. ஐ.ஐ.டி.க்களிலும் இதே வழக்கம். அமெரிக்காவில் உயிர்மருத்துவப் பி.எச்டி.க்கு இடம் தரும் கடிதத்திலேயே கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாத உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு மூன்றும் எழுதியிருப்பதே பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் நடைமுறை. மருத்துவப் பட்டமும் பி.எச்டி.யும் சேர்த்துப் படிப்பவர்களுக்காக அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனம் 1964 முதல் தனித் திட்டமே நடத்துகிறது. சேர்க்கை முடிவெடுப்பவரும் பணத்துக்குப் பொறுப்பேற்பவரும் ஒருவராக இருப்பதுதான் இவற்றுக்கெல்லாம் பொதுவான அம்சம். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் ஒருவர் சேர்க்கிறார், இன்னொருவர் பணம் தருகிறார், தவறு நேர்ந்தால் ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார்.

பணம் எங்கிருந்து வரும் என்பது முதலில் எழும் எதிர்ப்பு. ஒவ்வொரு இடத்தோடும் உதவித்தொகை என்றால் இடங்கள் குறையும், பலருக்குக் கிடைக்கிற வாய்ப்பு சிலருக்கென்று சுருங்கும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. இடங்கள் குறையத்தான் செய்யும், குறைந்தபட்சம் தொடக்கத்தில். ஆனால் உதவித்தொகை இல்லாத இடத்துக்கும் யாரோ செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அந்தச் செலவு மாணவரின் குடும்பத்தின் தலையில் விழுகிறது. தாங்க முடிந்த குடும்பத்துப் பிள்ளை மட்டும் தங்குகிறது. எழுபது பேருக்கு உறுதியாகச் சோறு போட்டு ஆய்வு செய்ய வைப்பது, நூறு பேரைச் சேர்த்து முப்பது பேரைப் பட்டினியால் விரட்டுவதைவிட நேர்மையானது. பதவியிலிருப்பவர்கள் எத்தனை இடம் தர முடியும் என்று உண்மையைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் அப்போது வரும்.

இரண்டாவது எதிர்ப்பை நான் இன்னும் மதிக்கிறேன். உதவித்தொகையைச் சேர்க்கையோடு கட்டினால் முடிவு ஒரு கல்லூரியின், ஒரு கைடின் கைக்குப் போய்விடும். யாரென்று தெரியாத தேசியத் தேர்வாவது சாதி பார்க்காது, சிபாரிசு பார்க்காது. இந்த அச்சம் அனுபவத்திலிருந்து வருவது, ஒதுக்கித் தள்ளக் கூடாது. பொதுத் தேர்வு இருக்கட்டும், இட ஒதுக்கீடும் இருக்கட்டும். தேர்வு முடிவு வந்ததும் மாணவர் விரும்பிய துறைகளை வரிசைப்படுத்திக் கொடுக்க, எம்.பி.பி.எஸ்., எம்.டி. இடங்களுக்கு நடப்பதுபோல் ஒரு கலந்தாய்வில் நிறுவனமும் துறையும் உதவித்தொகையும் சேர்த்து ஒதுக்கப்படட்டும். கைடு ஒருவரின் தயவு அதில் இன்றைக்கு இருப்பதைவிடக் குறையும். கலந்தாய்வை ஒழுங்காக நடத்தும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை.

வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகச் செய்யலாமே என்று கேட்பவர்கள் ஆய்வகத்தின் உள்ளே வந்து பார்க்க வேண்டும். வளர்ப்பில் இருக்கும் செல்கள் ஞாயிற்றுக்கிழமையும் உணவு கேட்கும். நோயாளிகளைத் தொடர்ந்து பார்ப்பது அதைவிடக் கடினம். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு, சானடோரியத்தில் படுத்திருந்தவர்களையும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களையும் ஓராண்டு சிகிச்சையின் முடிவில் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் அதே அளவு பலன் தருகிறது என்று 1959-இல் வெளியான முடிவு, உலகமெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றியது. வீடு வீடாகப் போய் மருந்து சாப்பிட்டாரா என்று பார்த்தவர்களின் முழு நேர உழைப்பு அதன் அடியில் இருக்கிறது.

டாக்டர்கள் நன்றாகச் சம்பாதிக்கிறவர்கள், அவர்களுக்கு எதற்கு ஆராய்ச்சி உதவித்தொகை என்பது கடைசிக் கேள்வி. விடை அதே கேள்வியில் இருக்கிறது: சம்பாதிக்க முடிகிறவர் ஆராய்ச்சிக்கு ஏன் வருவார்? எம்.டி., எம்.எஸ். படிக்கிற ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும் என்பது விதி. ஆனால் 2005 முதல் 2014 வரை 579 இந்திய மருத்துவக் கல்வி நிறுவனங்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, அவற்றில் 332 நிறுவனங்கள் அந்தப் பத்தாண்டில் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை என்று கண்டது. வெறும் 25 நிறுவனங்களிலிருந்து நாட்டின் மொத்த வெளியீட்டில் 40 விழுக்காட்டுக்கு மேல் வந்திருந்தது. கட்டாயத்துக்கு எழுதிய ஆய்வேடுகள் அலமாரியில் தூங்குகின்றன என்றுதான் இதற்குப் பொருள். அவை தூங்க வேண்டியவை அல்ல என்பதற்குச் சென்னை மருத்துவக் கல்லூரியே சாட்சி. 1986-இல் அங்கே நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில், தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று தன் ஆய்வேட்டுக்காகத் தேடினார். நோய் இந்தியாவில் இல்லை என்று பெரும்பாலானோர் நம்பிய காலம். எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். போதிய வசதி இல்லாததால் சீரத்தை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. நாட்டின் முதல் சான்று அது. ஒரு முதுநிலை மாணவியின் ஆய்வேடு ஒரு தேசத்தின் சுகாதாரக் கொள்கையைத் திருப்பியது. சீரத்தை வீட்டுப் பெட்டியில் வைத்தது அந்த மாணவியின் மன உறுதிக்குப் பெருமை, அப்படி வைக்க விட்ட அமைப்புக்குப் பெருமை இல்லை.

2020-இல் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் முதன்முதலாக எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி ஆண்டையும் சேர்த்தால் படிப்பு ஐந்தரை ஆண்டு. 2026-ஐ ஒட்டி அவர்கள் கல்லூரியை விட்டு வெளியே வருகிறார்கள். காசநோயும் பாம்புக்கடியும் ரத்தசோகையும் தங்கள் ஊரில் என்ன செய்யும் என்பதைப் பாடப்புத்தகம் திறப்பதற்கு முன்பே பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் நோயாளியைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்று விரும்பினால், எம்.டி.க்கு ஒரு தேர்வு, பி.எச்டி.க்கு ஒரு தேர்வு, கைடுக்கு ஓர் அலைச்சல், உதவித்தொகைக்கு ஒரு காத்திருப்பு என்று மீண்டும் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். அன்று அவர்களுடைய கட்டணத்தைக் கட்டிய ஏற்பாடு இளநிலைப் படிப்போடு முடிந்துவிடுகிறது.