ஸி.பி./எம். வீழ்ந்த வரலாறு

மிஸ்டர் காரி கில்டால் ஆகாய விமானத்தில் உல்லாசமாகப் பறந்துகொண்டிருந்து ஐ.பி.எம். கம்பெனியின் வியாபாரத்தை இழந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. நாம் அதை ஒப்புக்கொள்வதற்கில்லை. அன்று அவர் பறந்தது தம் தொழில் நிமித்தமாகவே. பேச்சும் அத்துடன் முறிந்துவிடவில்லை.

1974-ம் வருஷத்தில் இன்டெல் 8080 சில்லுக்காக அவர் இயற்றிய ஸி.பி./எம். என்னும் ஆபரேடிங் ஸிஸ்டத்தில், யந்திரத்துக்கு யந்திரம் வேறுபடும் பகுதி பிற்பாடு தனியே பிரித்து வைக்கப்பட்டது. அச்சிறு பகுதியை மட்டும் திருத்தி எழுதினால் வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டரிலும் அது ஓடும். சிறு உற்பத்தியாளர் பலர் தலையெடுத்தது இந்த உபாயத்தினால்தான்.

1981-ல் ஐ.பி.எம். தன் கம்ப்யூட்டரை வெளியிட்டபொழுது மைக்ரோஸாப்டின் டாஸ் உடன் வந்தது. ஸியாட்டில் நகரத்துக் கம்பெனியொன்றிடம் விலைக்கு வாங்கப்பட்ட அது, ஸி.பி./எம்.மின் அழைப்பு முறைகளைப் பின்பற்றியே எழுதப்பட்டிருந்தது. கில்டால் ஆட்சேபித்தார். ஸி.பி./எம்.-86ஐயும் விற்க ஐ.பி.எம். இணங்கவே, அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஆனால் விலையோ? டாஸுக்கு 40 டாலர், ஸி.பி./எம்.-86க்கு 240 டாலர்! கடையில் வைப்பது வேறு, விற்பது வேறு என்பதை வக்கீல்களாகிய நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. இதை ஜனங்களின் சுயேச்சையான தேர்வு என்பார் வாதம் விந்தையே.

1991-ல் அவரது டிஜிடல் ரிஸர்ச் கம்பெனி நோவெல் வசமாயிற்று. 1994-ல் அவர் காலமானார். வட்டுகளை ஏ, பி, ஸி என எழுத்திட்டு அழைக்கும் ஸி.பி./எம். வழக்கம் மட்டும் விண்டோஸில் இன்றும் இருந்து வருகிறது.