தோட்டாவும் தராசும்



அமெரிக்க நாட்டில் வேட்டையாடுவோரும், குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் ஈடுபடுவோரும் பலர், சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடுவதில்லை. அதைச் சேர்த்து வைத்து வீட்டிலேயே மீண்டும் நிரப்பிக்கொள்கின்றனர். நம் நாட்டிலோ, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் தோட்டா செய்வது குற்றமாகும். ஆகவே, செய்முறை கூற நான் வரவில்லை. அப்பணியில் நேரும் பிழைகள், எதையேனும் அளந்து கலக்கும் எவருக்கும் பாடமாவன. அவற்றையே இன்று கூற விழைகிறேன்.

தோட்டாவின் உறுப்புகள் நான்கு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி எழுப்பும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. 1884இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் பால் வியேய் புகையில்லா மருந்தை உருவாக்கினார். முன்பு வழங்கிய கருமருந்தைவிட அது வன்மை மிக்கது. திறந்த வெளியில் அது வெறுமனே எரியும்; அடைபட்ட இடத்திலோ, அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். '30-06' என்னும் ரைபிள் தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60,000 பவுண்டு. நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் அது சுமார் 4,000 மடங்காகும்! ஆதலின் மருந்தை 'கிரெயின்' கணக்கில் நிறுக்கின்றனர். ஒரு பவுண்டை 7,000 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கிரெயின்.

முதற்பிழை, மருந்து மாறிப்போதல். விரைந்து எரியும் மருந்தும் மெல்ல எரியும் மருந்தும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றக்கூடும். கைத்துப்பாக்கிக்குரிய விரைவு மருந்தை ரைபிள் கூட்டில் நிறைய இட்டால், துப்பாக்கியே சிதறிவிடும். எனவே, மேசைமேல் ஒரே ஒரு டப்பா இருத்தல் வேண்டும். மருந்தை வேறு டப்பாவுக்கு மாற்றலாகாது.

இதைச் சொல்லும்போது என் பிழையும் நினைவுக்கு வருகிறது. நான் இரசாயனம் கற்பித்த காலத்தில், பெயர்ச்சீட்டு உதிர்ந்த புட்டி ஒன்றைத் தண்ணீர் என்று எண்ணி ஒரு மாணவனிடம் கொடுத்தேன். உள்ளே இருந்தது கந்தக அமிலம். அவன் புறங்கையில் விழுந்த வடுவை நான் இன்றும் மறக்கவில்லை. அமிலத்தின் குணம் எனக்குத் தெரியாததா?

இரண்டாம் பிழை, ஒரே கூட்டில் இருமுறை மருந்திடுதல். கூடு நிறையும் அளவாயின் மிகுதி வழிந்து காட்டிக்கொடுக்கும். குறைந்த அளவு மருந்தோ கூட்டில் பாதிகூட நிரம்பாது. இரட்டிப்பானாலும் வெளியே தெரியாது.

மூன்றாம் பிழை, மருந்தே இடாமல் விடுதல். கேப்பின் விசை மட்டும் குண்டைத் தள்ள, அது குழலின் நடுவே சிக்கிக்கொள்ளலாம். அதை அறியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிளக்கும்.

நான்காம் பிழை, மருந்து செய்வோர் வெளியிடும் அளவுப் பட்டியலை மீறுதல். உச்ச அளவிலிருந்து தொடங்குவதும் மீறுதலே; குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற வேண்டும்.

இப்பிழைகளைச் செய்ய அறியாமை வேண்டியதில்லை. "இட்டுவிட்டேன்" என்ற நினைப்பே போதும். யாரோ கூப்பிடுகிறார்கள், கை நிற்கிறது, திரும்பி வந்தபின் எண்ணிக்கை தவறுகிறது. அதனால் கவனமுள்ளோர், குண்டைப் பொருத்துமுன் கூடுகளை வரிசையாய் நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளும் பார்க்கின்றனர். ஐயம் எழுந்தால் கொட்டிவிட்டு மீண்டும் நிறுக்கின்றனர்.

ஆய்வுக்கூடத்தில் நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். அதற்குச் செலவாவது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை அன்று நான் செலவிடவில்லை.