அலைச்சறுக்கு முன்னறிவிப்பு

அலைச்சறுக்கு முன்னறிவிப்பு என்பது, ஒரு கடற்கரையில் வரும் நாட்களில் எழக்கூடிய அலைகளின் உயரம், அலைக்காலம், திசை ஆகியவற்றையும் அங்கு வீசக்கூடிய காற்றையும் முன்கூட்டியே கணித்து வெளியிடுவதாகும். இன்று இவை பெரும்பாலும் இணையத்தளங்கள் வழியாகக் கிடைக்கின்றன. அலைச்சறுக்குநர்கள் பலர் பயண நாளையும் இடத்தையும் இவற்றைக் கொண்டே முடிவு செய்கின்றனர். எனினும், இத்தகைய முன்னறிவிப்பு முதன்மையாக ஆழ்கடலின் நிலையையே கூறுகிறது. கரையில் அலை எவ்வாறு உடையும் என்பது அவ்விடத்தின் கடலடி அமைப்பையும் உள்ளூர்க் காற்றையும் பொறுத்தது.

வரலாறு

அறிவியல் முறையிலான அலை முன்னறிவிப்பு, இரண்டாம் உலகப் போரின்போது படைகளைக் கரையிறக்கும் தேவையிலிருந்து தோன்றியது. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் பெருங்கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹரால்ட் சுவெர்ட்ரப், வால்டர் மங்க் ஆகியோர் காற்றின் வேகத்திலிருந்து கரையலைகளைக் கணிக்கும் முறையை உருவாக்கினர். 1944 இல் நோர்மண்டித் தரையிறக்கத்தின்போது இம்முறை பயன்பட்டது. 1963 இல் மங்க் தலைமையிலான குழு, தென்முனைப் பெருங்கடலில் தோன்றிய அலைகளைப் பசிபிக் பெருங்கடலின் குறுக்கே அலாஸ்கா வரை பின்தொடர்ந்து அளந்தது. அலைகள் 10,000 கி.மீ க்கும் மேல் பயணிக்கக்கூடியவை என்பது இதனால் உறுதியானது.

1985 இல் கலிபோர்னியாவில் தொலைபேசிச் சேவையாகத் தொடங்கிய சர்ஃப்லைன், பின்னர் இணையத்துக்கு மாறியது. பிரித்தானியாவில் தோன்றிய மேஜிக்சீவீட் 2023 இல் அதனுடன் இணைக்கப்பட்டது.

செயற்படும் முறை

புயற்காற்று கடற்பரப்பில் ஒழுங்கற்ற அலைகளை எழுப்புகிறது. அவை புயலை விட்டு விலகிச் செல்லும்போது அலைக்காலத்தின்படி பிரிந்து, ஒழுங்கான அலைத்தொடர்களாகின்றன. ஸ்வெல் என அழைக்கப்படும் இத்தொடர் இக்கட்டுரையில் தொலைவலை எனக் குறிக்கப்படுகிறது.

ஆழ்கடலில் தொலைவலைத் தொடர் ஒன்று நகரும் வேகம் அதன் அலைக்காலத்தைப் பொறுத்தது. நொடியில் அளந்த அலைக்காலத்தை 2.8 ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கி.மீ என்பது ஏறத்தாழக் கிடைக்கும். 16 நொடி அலைகள் மணிக்குச் சுமார் 45 கி.மீ வேகத்திலும், 12 நொடி அலைகள் சுமார் 34 கி.மீ வேகத்திலும் நகர்கின்றன. 6,000 கி.மீ தொலைவைக் கடக்க முதல்வகைக்கு ஐந்தரை நாட்களும் இரண்டாம் வகைக்கு ஏழு நாட்களுக்கு மேலும் ஆகும். எனவே நீண்ட அலைக்காலம் கொண்ட அலைகளே முதலில் கரை சேர்கின்றன.

இக்கணிப்பைச் செய்யும் கணினி மாதிரிகளுள் அமெரிக்க வானிலை அமைப்பு உருவாக்கிய வேவ்வாட்ச் III பெயர்பெற்றது. வானிலை மாதிரி தரும் காற்றுக் கணிப்பே இதற்கு உள்ளீடாகும். மிதவைகளின் அளவீடுகள் கணிப்பைச் சரிபார்க்க உதவுகின்றன.

அளவுகளின் பொருள்

* அலையுயரம்: பொதுவாகத் தரப்படுவது, அலைகளுள் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி ஆகும். தனி அலை ஒன்று இதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வரை எழலாம்.
* அலைக்காலம்: அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடைப்பட்ட நேரம். ஒரே உயரமுள்ள 16 நொடி அலை, 8 நொடி அலையைப் போல் இரு மடங்கு ஆற்றலைக் கரைக்குக் கொண்டுவருகிறது.
* திசை: அலை எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும். தீவோ முனையோ இடையில் இருந்தால் அலை தடைபடும் அல்லது வளையும்.
* காற்று: தரையிலிருந்து கடல் நோக்கி வீசும் மென்காற்று அலையின் முகத்தைச் சீராக வைத்திருக்கும். கடலிலிருந்து வீசும் காற்று அதைக் குலைக்கும்.

ஹவாயில் அலையுயரத்தைக் கூறும் மரபு வேறானது. அங்கு 20 அடி எனப்படும் அலையின் முன்முகம் ஏறத்தாழ 40 அடி இருக்கும்.

நம்பகத்தன்மையும் வரம்புகளும்

முன்னறிவிப்பின் எல்லா நாட்களும் ஒரே அளவு நம்பத்தக்கவை அல்ல. ஏற்கனவே உருவாகிவிட்ட புயலின் அலைகள் எப்போது வந்து சேரும் என்பதை நன்றாகவே கணிக்கலாம். ஏனெனில் அலை பயணிக்கும் விதி எளிமையானது. இன்னும் உருவாகாத புயலின் அலைகளைக் கூறும் கணிப்போ, அப்புயல் பற்றிய கணிப்பு பிழைத்தால் தானும் பிழைக்கும். இரண்டாம் வாரத்துக்குரிய எண்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. திரையில் இரண்டும் ஒரே தோற்றத்தில் காட்டப்படுவதால் பயனர் வேறுபாட்டை உணர்வதில்லை.

உலகளாவிய மாதிரிகள் கடலைப் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்தே கணிக்கின்றன. ஒரு குடா, மணல்திட்டு, பவளப்பார் ஆகியவை அக்கட்டத்துக்குள் மறைந்துவிடும். பிற்பகலில் எழும் கடற்காற்றும் பல வேளைகளில் தவறிப்போகும்.

தேர்ந்த வல்லுநர்களின் கணிப்பும் பிழைப்பதுண்டு. ஹவாயின் வைமியா குடாவில் எடி ஐகாவ் நினைவுப் போட்டி, பேரலைகள் வரும் நாளில் மட்டுமே நடத்தப்படுகிறது. 2016 பெப்ரவரி 10 இல் அது நடைபெறும் என அறிவிக்கப்பட்டு, அன்று காலை அலைகள் போதிய அளவில் வராததால் கைவிடப்பட்டது. பின்னர் அதே மாதம் 25 இல் நடைபெற்றது.

அறுகம் குடா

இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவிலுக்கு அருகிலுள்ள அறுகம் குடா இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, தென்கோளப் புயல்களின் தொலைவலைகள் இங்கு வருகின்றன. அதே காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தீவைக் கடந்து இங்கு தரையிலிருந்து கடல் நோக்கி வீசுவதால் அலைகள் சீராக அமைகின்றன. ஆனால் தெற்கிலிருந்து வரும் அலை முனையைச் சுற்றி வளைந்தே குடாவுக்குள் நுழைகிறது. ஆகவே ஆழ்கடலுக்குக் கூறப்படும் உயரத்தைக் குடாவினுள் அப்படியே எதிர்பார்க்க இயலாது. வடகீழ்ப் பருவத்தில் காற்று கடலிலிருந்து வீசுவதால் வீரர்கள் ஹிக்கடுவை, வெலிகமை போன்ற தென்மேற்குக் கரைகளுக்குச் செல்கின்றனர்.

பயணத் திட்டமிடலில் பயன்பாடு

மாதத்தை அவ்விடத்தின் பருவத்தைக் கொண்டும், கிழமையை முன்னறிவிப்பைக் கொண்டும், நேரத்தைக் கடல் ஏற்றவற்றம், காலைக் காற்று, உள்ளூர் மீனவர் கூற்று ஆகியவற்றைக் கொண்டும் முடிவு செய்வது நல்லது. ஒரே காற்றுக் கணிப்பைப் பயன்படுத்தும் இரு தளங்கள் ஒத்துப்போவது, அக்கணிப்பு சரியானது என்பதற்குச் சான்றாகாது.

பாதுகாப்பு

தொலைவலை வரும் நாளில் உள்ளூர் வானம் தெளிவாகவும் காற்று அமைதியாகவும் இருக்கலாம். கேரளக் கரையில் இதனால் ஏற்படும் கடலேற்றம் கள்ளக்கடல் எனப்படுகிறது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கான எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் அவ்வாறு எச்சரிக்கை விடப்பட்டிருந்தும், மே 6 இல் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். அலைச்சறுக்குநருக்கு நற்செய்தியாகத் தோன்றும் நீண்ட அலைக்காலம், கரையில் நிற்போருக்கு அபாயக் குறியாகும். உயரம் குறைவு எனக் காட்டும் நாளிலும் அலைக்காலத்தைப் பார்ப்பது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

* அலைச்சறுக்கு
* கடல் அலை
* கள்ளக்கடல்
* வானிலை முன்னறிவிப்பு