புழுதிக்குள் இரண்டு வேகங்கள்

2024 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நடந்த டக்கார் ராலியில் கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா ராலி-2 பிரிவில் முதலிடம் பிடித்தார். மோட்டார் சைக்கிள்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் அவருக்குப் பதினொன்றாம் இடம். அவர் ஓட்டியது ஓசூர் டிவிஎஸ் நிறுவனமும் பிரான்சின் ஷெர்கோவும் கூட்டாக நடத்திய அணிக்காக என்பதால், தமிழ்நாட்டிலும் அந்தச் செய்திக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. அதே மணலில், அதே நாளில், மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால் கார்களும் அவற்றுக்குப் பின்னால் லாரிகளும் கிளம்பின என்பது பெரிதாக எழுதப்படவில்லை. பந்தய பைக், ஆளும் பெட்ரோலும் சேர்ந்தாலும், கால் டன்னை ஒட்டித்தான் நிற்கும். முன்னணிக் கார் இரண்டு டன். லாரியோ எட்டு டன்னுக்கு மேல். முன்னணிக் கார்களுக்கு மணிக்கு 170 கிலோமீட்டர், லாரிகளுக்கு 140 என்று விதிப்புத்தகமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. இவை எல்லாம் ஒரே தடத்தில் போகும்போது பைக்கில் இருப்பவரை எது காப்பாற்றும்? ஓட்டுநரின் திறமை, எச்சரிக்கைக் கருவி, தலைக்கவசம், காற்றுப்பை அங்கி என்று விடைகள் வரிசையாக வரும். எல்லாம் தேவைதான். ஆனால் முதல் வண்டி கிளம்புவதற்கு முன்பே, நேரத்திலோ பாதையிலோ, அமைப்பாளர் கணக்குப் போட்டு வைக்கும் இடைவெளிதான் உண்மையான பாதுகாப்பு. மற்றவை அந்தக் கணக்கு தவறும்போது உதவுகிற துணைகள்.

வேகம் அதிகம் என்பதால் ஆபத்து என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆபத்தைத் தீர்மானிப்பது வேகங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். முன்னணி பைக் ஓட்டுநர்கள் கார்களுக்கு ஏறக்குறைய ஈடான வேகத்தில் போகிறவர்கள். அவர்களைக் கார் எட்டிப் பிடிப்பது அரிது. பிடிபடுவது வரிசையின் கடைசியில் இருப்பவர். சொந்தப் பணத்தில் வந்தவர், முதல்முறையாக வந்தவர், முந்தின நாள் இரவு தூங்காமல் தானே வண்டியைப் பழுது பார்த்தவர். அவரை முதலில் வந்து பிடிக்கும் கார் எது? கார்களிலேயே மிக வேகமானது. அதாவது இந்த அமைப்பு, இருப்பவர்களில் மிகவும் களைத்த பைக் ஓட்டுநரையும் மிக வேகமான காரையும் தேடிப்பிடித்து நேருக்கு நேர் நிறுத்துகிறது. சராசரிகளை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாமல் போய்விடும்.

அடுத்தது புழுதி. கரும்பு வெட்டும் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் டிராக்டருக்குப் பின்னால் மண்பாதையில் பைக் ஓட்டியவர்களுக்கு இதன் தன்மையை விளக்க வேண்டியதில்லை; பாலைவனத்தில் அது பல மடங்கு. அங்கே இரண்டு வகை மண் உண்டு. குன்றுகளில் இருக்கும் மணல் பருமனானது. கால் மில்லிமீட்டர் அளவுள்ள துகள் மேலே எழும்பினாலும் இரண்டு நொடிக்குள் தரைக்கு வந்துவிடும். பள்ளங்களில் படிந்திருக்கும் மாவு போன்ற மண் வேறு. ராலிக்காரர்கள் அதை ஃபெஷ்-ஃபெஷ் என்பார்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துகள் அசைவற்ற காற்றில் நொடிக்கு 8 மில்லிமீட்டர் வேகத்தில்தான் இறங்கும். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட அதற்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். காற்றுச் சுழல் இருந்தால் இன்னும் தாமதம். இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் வண்டிகளைக் கிளப்பினால், முன்னால் போனவர் கிளப்பிய திரை விழுவதற்குள் பின்னால் வருகிறவர் அதற்குள் நுழைந்துவிடுகிறார். மஞ்சள் விளக்குப் போட்டால் புழுதியைத் துளைத்துப் பார்க்கலாம் என்று ஒரு நம்பிக்கை நம் லாரிக்காரர்களிடமும் உண்டு. ஒளியின் அலைநீளத்தைவிடப் பத்து இருபது மடங்கு பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நிறத்தை மாற்றுவதால் பெரிய லாபம் ஒன்றும் கிடையாது.

புழுதி இல்லாத இடத்தில் மேடு இருக்கிறது. 170 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் இறுகிய மண்ணில் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்? ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி. அதிலேயே 70 மீட்டர் போய்விடும். உராய்வுக் கெழு 0.5 என்று வைத்தால் அதற்கு மேல் ஏறத்தாழ 225 மீட்டர். ஆக, முந்நூறு மீட்டர். மணல்மேட்டின் உச்சியைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியும் தூரம் பல இடங்களில் ஐம்பது மீட்டர்கூட இருக்காது. ஐம்பது மீட்டருக்குள் நிற்க வேண்டுமானால் கார் 57 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. பந்தயத்தில் அந்த வேகத்தில் போகச் சொன்னால் யார் போவார்கள்? 2021 டக்காரின் நான்காம் கட்டத்தில் பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் விழுந்து தலையில் அடிபட்டு, ஹெலிகாப்டரில் ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்த விபத்தில் எந்தக் காருக்கும் பங்கில்லை. ஆனால் பைக்கிலிருந்து விழுந்தவர் விழுந்த இடத்திலேயே, பந்தயத் தடத்திலேயே கிடப்பார்; அவரைச் சுற்றி இரும்புக் கூண்டு கிடையாது. முதல் விபத்து அவருடைய தவறாக இருக்கலாம். இரண்டாவது விபத்து நடக்காமல் பார்ப்பது அவர் கையில் இல்லை.

அப்படியானால் கார்களைத் தாமதமாகக் கிளப்பினால் போதுமே என்று தோன்றும். பைக்குகளை முதலில் அனுப்பும் வழக்கத்தின் நோக்கங்களில் அதுவும் ஒன்று. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 400 கிலோமீட்டர் கட்டம். கடைசி பைக்கின் சராசரி மணிக்கு 55 கிலோமீட்டர், முதல் காரின் சராசரி 100 என்று கொள்வோம். பைக்குக்கு ஏழேகால் மணி நேரம், காருக்கு நான்கு. கடைசி பைக் போய் ஒரு மணி நேரம் கழித்துக் காரை விட்டால், 122-ஆம் கிலோமீட்டரில் கார் பைக்கைப் பிடித்துவிடும். பிடிக்கவே கூடாது என்றால் மூன்றேகால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். நூற்று முப்பது பைக்குகள் நிமிடத்துக்கு ஒன்றாகக் கிளம்பவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. ஜனவரியில் ரியாத் பக்கம் பகல் வெளிச்சம் சுமார் பத்தரை மணி நேரம். கார்களும் லாரிகளும் கிளம்பி முடித்து இருட்டுக்குள் வந்து சேர முடியாது. எனவே நீளமான கட்டத்தில் நேர இடைவெளி மட்டும் போதாது. அமைப்பாளர்களின் அலட்சியத்தை இதற்குக் காரணம் சொல்ல முடியாது. சூரியன் தரும் நேரமே அவ்வளவுதான்.

வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேகமான கார் முதலில் போய்விட்டால் யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. காகிதத்தில் இது அழகான தீர்வு. மணலில் கார் போன தடம் ஆழமான பள்ளமாகிவிடுகிறது; லாரி போன தடம் பைக்குக்குப் பொறி. அந்தப் பள்ளத்தில் சக்கரம் சிக்கினால் கைப்பிடியைத் திருப்பவும் முடியாது, காலை ஊன்றவும் முடியாது. அதோடு, கடைசியாகக் கிளம்பும் பைக் இருட்டில்தான் முடிக்கும். மோதலைத் தவிர்த்துவிட்டு விழுதலை வாங்கிக்கொள்வதாக இது முடியும். பைக்குகள் முன்னால் போவதற்குக் காரணம் மரபு மட்டும் இல்லை.

மீதமிருப்பது மின்னணு. டக்காரில் ஓடும் வண்டிகளில் சென்டினல் என்ற கருவி கட்டாயம். பின்னால் நெருங்கும் காரில் பொத்தானை அழுத்தினால் முன்னால் போகும் வண்டியில் ஒலியும் விளக்கும் எழும். முன்னால் வண்டி நின்றுபோயிருந்தால் பின்னால் வருகிறவருக்கும் எச்சரிக்கை போகும். இந்த இரண்டாவது வேலைதான் என் பார்வையில் மதிப்பு மிக்கது. செயல்பட வேண்டிய பொறுப்பு செயல்படக்கூடியவர் கையில் போய்ச் சேருகிறது. முதல் வேலைக்கு எல்லைகள் அதிகம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சலே 95 டெசிபெலைத் தொடும். பலர் காதடைப்பான் வேறு வைத்திருப்பார்கள். ஒலி கேட்டாலும் கார் இடப்பக்கம் வருகிறதா வலப்பக்கம் வருகிறதா என்று அது சொல்லாது. கேட்டவர் உடனே ஒதுங்க முடியுமா என்றால், தடத்துக்கு இருபுறமும் கல்லோ இளகிய மணலோ இருந்தால் ஒதுங்குவதே ஒரு விபத்து. நடுவே மணல்மேடு வந்தால் ரேடியோ அலையும் வலுவிழக்கும், அதாவது கண் உதவாத அதே இடத்தில் கருவியும் தடுமாறக்கூடும்.

கருவி மோதலைத் தடுக்கிறதோ இல்லையோ, சாட்சி சொல்லும். 2018 டக்காரில் கார் ஓட்டிய கார்லோஸ் சைன்ஸ், நாற்சக்கர பைக் ஓட்டிய கேஸ் கூலனை ஆபத்துக்கு உள்ளாக்கினார் என்று பத்து நிமிடத் தண்டனை விதித்தார்கள். கூடுதல் ஆதாரங்களைப் பார்த்த பிறகு அதை நீக்கினார்கள். அந்த ஆண்டுக் கார் பட்டமும் சைன்ஸுக்கே போனது. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கு அக்கறையில்லை. மோதல் நடந்ததா, வேகம் குறைக்கப்பட்டதா என்பதையே பின்னோக்கி ஆராய வேண்டியிருக்கும் ஒரு சூழலில், ஓட்டுநர்களின் நிதானத்தை நம்பி விதி எழுதுவது சரிவராது என்பதுதான் செய்தி.

பந்தயத்துக்கு வருகிறவர்கள் ஆபத்தைத் தெரிந்தே வருகிறார்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். வெளியிலிருந்து நாம் ஏன் பேச வேண்டும் என்பது வலுவான மறுப்பு. பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். கல்லும் மணலும் வெயிலும் வழிதவறலும் அவர் ஏற்றுக்கொண்ட ஆபத்துகள். அவற்றோடு மல்லுக்கட்டத்தான் வந்தார், அவற்றில் அவருடைய திறமைக்கு வேலை உண்டு. முதுகுப்பக்கம் புழுதிக்குள்ளிருந்து வரும் இரண்டு டன் இரும்போடு அவர் திறமைக்கு என்ன வேலை? டக்கார் அமைப்பாளர்களே இந்த வேறுபாட்டை மெல்ல ஏற்றுக்கொண்டது போலத் தெரிகிறது. 2025 பந்தயத்தில் ஐந்து கட்டங்களில் பைக்குக்கும் காருக்கும் தனித்தனிப் பாதைகள் போட்டார்கள். பைக்குகள் பதித்துவிட்டுப் போன தடத்தைப் பார்த்துக் கார்கள் வழி கண்டுபிடிக்கும் வசதியும் அதனால் போய்விட்டது. கார்க்காரர்கள் தாங்களே திசை தேட வேண்டியதாயிற்று. பாதுகாப்புக்காகச் செய்தார்களா, விறுவிறுப்புக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவசியமில்லை. பிரிக்க முடியும் என்று நிரூபணமாகிவிட்டது. மற்றக் கட்டங்களில் முடியாது என்பதற்கு இனிமேல் காரணம் சொல்ல வேண்டியது அவர்கள்.

ரிஷிவந்தியத்திலோ கல்வராயன் மலை அடிவாரத்திலோ இருந்துகொண்டு சவூதி மணலைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதையின் வளைவுகளுக்கும் மணல்மேட்டு உச்சிக்கும் இயற்பியல் ஒன்றே: தெரியும் தூரம் குறைவு, வேக வித்தியாசம் அதிகம், ஒதுங்க இடமில்லை. பந்தயம் இந்த மூன்றையும் மிகைப்படுத்திக் காட்டுகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. ஊர்ச் சாலையில் வண்டிகளை நேரம் பார்த்துப் பிரித்து அனுப்ப யாராலும் முடியாது. பந்தயத்தில் முடியும், முடிந்தும் செய்யாமல் விடுவதுதான் குறை.

இந்தியாவில் இது இன்னும் எளிது. ராஜஸ்தானில் நடந்துவந்த டெசர்ட் ஸ்டார்ம், இந்தியா பாஹா போன்ற பந்தயங்களில் பைக்கும் காரும் இரண்டும் ஓடியிருக்கின்றன. நூறு கிலோமீட்டர் கட்டம், கடைசி பைக் மணிக்கு 40, முதல் கார் 90 என்று வைத்துக்கொண்டால், பைக் இரண்டரை மணி நேரத்தில் முடிக்கும். கார் ஒரு மணி ஏழு நிமிடத்தில் முடிக்கும். கடைசி பைக்குக்கும் முதல் காருக்கும் இடையே 83 நிமிடம் விட்டால் கார் பைக்கைத் தொடவே தொடாது. புழுதி அடங்க ஐந்து நிமிடம் சேர்த்து, ஒன்றரை மணி நேரம். நடுவே விழுந்துகிடக்கும் பைக்கை இந்தக் கணக்கு காப்பாற்றாது. அதற்குக் கண்காணிப்புக் கருவியும், கடைசி பைக்குக்குப் பின்னால் தடத்தைத் துழாவிக்கொண்டு வரும் வண்டியும் வேண்டும். டக்காரில் பகல் போதவில்லை. இங்கே பகல் தாராளமாக இருக்கிறது.

ஒன்றரை மணி நேரம் கூடுதலாகப் பாதையை அடைத்துவைப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் தேசிய ராலிப் போட்டியின்போது, அடைக்கப்பட்ட பந்தயப் பாதைக்குள் ஒரு குடும்பம் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டது. பந்தயக் கார் மோதி மூவரும் இறந்தார்கள். அவர்கள் பந்தயத்தில் இல்லை, கையெழுத்தும் போடவில்லை. தங்கள் ஊர்ப் பாதையில் போனார்கள். பைக்குகள் போய் முடிந்து ஒரு மணி நேரம் எதுவும் வரவில்லை என்றால், வயலுக்குப் போக வேண்டியவர் பந்தயம் முடிந்தது என்றுதான் நினைப்பார். பைக் ஓட்டுநருக்காக விடும் இடைவெளி ஊர்க்காரருக்குப் பொறியாகிவிடக் கூடாது. அதற்கு ஒவ்வொரு ஒற்றையடிப் பாதை வாயிலிலும் ஆள் நிற்க வேண்டும். கடைசிக் கார் போன பிறகே கயிற்றை அவிழ்க்க வேண்டும். எத்தனை மணி வரை அடைப்பு என்பது முந்தின வாரமே அந்தக் கிராமங்களில் தண்டோரா போட்டுச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அத்தனை ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியாத அமைப்பாளர், கட்டத்தின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். நூறு கிலோமீட்டர் ஐம்பதானால், விட வேண்டிய 83 நிமிடமும் ஏறத்தாழ பாதியாகும். காவல் நிற்க வேண்டிய பாதை வாயில்களும் குறையும்.